லாட்டரி ஜெயிச்ச 1839: முதல் கிராண்ட் நேஷனல் பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

குதிரைப் பந்தயம் பாக்குறவங்க, பழைய விளையாட்டு வரலாறு படிக்கிறவங்கன்னு நெறைய பேர் இதையே மாத்தி மாத்தி கேக்குறதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். பெட் கட்டுற டிப்ஸ் எதுவும் இதுல கிடையாது, 1839ல நடந்த அந்த ஒரே ஒரு ரேஸ் பத்தி மட்டும்தான்.

எந்த ரேஸ் இது, எங்க எப்ப நடந்துச்சு?

1839 பிப்ரவரி 26, செவ்வாய்க்கிழமை. இங்கிலாந்துல லிவர்பூலுக்கு வெளிய எய்ன்ட்ரீன்னு ஒரு ஊர், அங்க நடந்துச்சு. இன்னைக்கு உலகமே கிராண்ட் நேஷனல்னு சொல்ற பந்தயத்தோட முதல் அதிகாரப்பூர்வ ஓட்டம் இதுதான், ஆனா அன்னைக்கு அதுக்கு அந்தப் பேர் இல்ல, கிராண்ட் லிவர்பூல் ஸ்டீபிள்சேஸ்னுதான் போட்டாங்க. 17 குதிரை ஓடுச்சு. ஜெயிச்ச குதிரை பேர் லாட்டரி, ஜாக்கி ஜெம் மேசன், ஓனர் ஜான் எல்மோர், ட்ரெய்னர் ஜார்ஜ் டாக்கரே.

ஸ்டீபிள்சேஸ்னா என்ன, சாதா குதிரை ரேஸ்தானே?

இல்ல, ரெண்டும் வேற. ஸ்டீபிள்னா சர்ச்சோட கூர் கோபுரம். 1752ல அயர்லாந்துல கார்க் பக்கம் எட்மண்ட் பிளேக், கார்னீலியஸ் ஓ'கல்லகன்னு ரெண்டு பேர் பந்தயம் கட்டி பட்டவன்ட் சர்ச்சுல இருந்து டோனரெய்ல் சர்ச் வரைக்கும் குதிரைல போனாங்க, ஏறக்குறைய நாலரை மைல். ரோடு கீடு எதுவும் கெடையாது, தூரத்துல தெரியுற கோபுரத்தை பாத்துக்கிட்டே நேரா போகணும், நடுவுல வேலி வந்தா தாண்டணும் வாய்க்கால் வந்தா தாண்டணும் கல் சுவர் வந்தாலும் தாண்டணும். பேரே அங்கருந்துதான் வந்துச்சுன்னு சொல்லுவாங்க. அப்புறம் 1830 வாக்குல லண்டனுக்கு வடக்க செயின்ட் ஆல்பன்ஸ்ல தாமஸ் கோல்மன்னு ஒரு ஹோட்டல்காரர் இதை வருஷா வருஷம் ஒழுங்கா நடத்த ஆரம்பிச்சாரு, அதை பாத்துதான் மத்த ஊர்க்காரங்களுக்கும் ஆசை வந்துச்சு.

சமதரைல ஓடுறதுக்கு ஃப்ளாட் ரேஸ்னு பேர், அதுல வேகம் மட்டும் போதும். இதுல குதிரைக்கு வேகத்தோட தைரியமும் வேணும், அந்தப் பக்கம் என்ன இருக்குன்னே தெரியாம தாவணும்ல.

1839தான் முதல் ரேஸா? 1836னு சில இடத்துல போட்டிருக்கே?

ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. 1836ல கேப்டன் பெச்சர் தி ட்யூக்ங்கிற குதிரைல ஜெயிச்சாரு, 1837ல அதே குதிரை ஹென்றி பாட்ஸை ஏத்திக்கிட்டு மறுபடி ஜெயிச்சுச்சு, 1838ல சர் வில்லியம்னு ஒரு குதிரை. இந்த மூணும் லிவர்பூல் பக்கத்துலதான் நடந்துச்சு. ரொம்ப காலமா இது மூணும் எய்ன்ட்ரீல இல்ல, பக்கத்துல மகல்ங்கிற ஊர்லதான் நடந்துச்சுன்னு எழுதிட்டு வந்தாங்க, அதனால கணக்குல சேக்கல. ஆனா பின்னாடி அந்தக் கால பேப்பரையெல்லாம் தோண்டி பாத்தவங்க, 1836ம் 1838ம் எய்ன்ட்ரீலயே நடந்திருக்குன்னு வாதாடுறாங்க. 1860கள் வரைக்கும் பத்திரிகைக்காரங்களே 1839ஐ நாலாவது ஓட்டம்னுதான் எண்ணிட்டு இருந்தாங்க.

என் கருத்து என்னன்னா, அதிகாரப்பூர்வ கணக்கு 1839ல ஆரம்பிக்கிறது தப்பில்ல, ஏன்னா நாடு முழுக்க இருந்து நல்ல குதிரைங்க வந்து ஓடுனது அந்த வருஷம்தான். ஆனா "முதல்"ங்கிற வார்த்தைக்காக தி ட்யூக்கையும் சர் வில்லியமையும் மறைக்கக் கூடாது, அதுங்களும் அதே சேத்துலதான ஓடுச்சுங்க.

இதை யார் ஆரம்பிச்சா? ராஜ குடும்பமா?

ராஜ குடும்பம் எல்லாம் இல்ல. வில்லியம் லின்னு ஒருத்தர், லிவர்பூல்ல வாட்டர்லூ ஹோட்டல் வச்சிருந்தவர். செஃப்டன் பிரபு கிட்ட எய்ன்ட்ரீ நிலத்தை குத்தகைக்கு எடுத்து, 1829 பிப்ரவரில அடிக்கல் போட்டு, ஜூலைல முதல் ஃப்ளாட் ரேஸ் நடத்திட்டாரு. ரேஸ்னா வெளியூர் ஆள் வரும், வந்தா ஹோட்டல் ரூம் நிரம்பும், சாப்பாடு போகும், அதான் கணக்கு. ஸ்டீபிள்சேஸை லிவர்பூலுக்கு கொண்டு வந்ததும் இவர்தான். ஆனா 1839 ரேஸ் வர்றதுக்குள்ள அவர் பொறுப்புல இருந்து விலகிட்டாரு, உடம்பு சரியில்லன்னு காரணம் சொன்னாங்க, நிர்வாகம் பிரபுக்கள் அடங்குன ஒரு கமிட்டி கைக்கு போச்சு. நட்டவர் ஒருத்தர், காய் பறிச்சவங்க வேற ஆளுங்க. இந்த வரலாறுல எனக்கு மனசு கஷ்டமா இருக்குற ஒரு இடம் இது.

ஏன் 1839ல மட்டும் திடீர்னு அவ்ளோ கூட்டம்?

ரயில்தான் காரணம்! லிவர்பூல் மான்செஸ்டர் லைன் 1830லயே வந்துடுச்சு, 1837ல கிராண்ட் ஜங்ஷன் ரயில்வே தெக்க பர்மிங்காம் வரைக்கும் இணைச்சுச்சு, 1838ல லண்டன் பர்மிங்காம் லைன் முழுசா திறந்தாங்க. ஆக 1839 பிப்ரவரி வர்றப்போ லண்டன்காரன் ரயில் ஏறி லிவர்பூல்ல இறங்கலாம், அதுக்கு முன்னாடி கோச் வண்டில எலும்பு நோக நாள் கணக்கா வரணும். அன்னைக்கு ஓடுன குதிரைல ஒண்ணோட பேரே ரெயில்ரோடு, அந்தக் காலத்துல அது எவ்ளோ புது விஷயமா இருந்திருக்கும்னு பாருங்க.

ரூல்ஸ் என்ன இருந்துச்சு?

எனக்கு இதுலயே ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான். நுழைவுக்கு ஆளுக்கு 20 சவரன், அதாவது தங்கக்காசு. பேர் கொடுத்துட்டு ஓடாம விட்டா 5 சவரன் போச்சு. அதோட மேல 100 சவரன் சேத்து பரிசு. எல்லா குதிரையும் ஒரே எடை தூக்கணும், 12 ஸ்டோன், நம்ம கணக்குல 76 கிலோ சொச்சம். (இன்னைக்கு மாதிரி நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமார் குதிரைக்கு கம்மி எடைங்கிற ஹாண்டிகேப் முறை 1843லதான் வந்துச்சு.) தூரம் நாலு மைல். ரெண்டாவது வர்றவருக்கு கட்டுன காசு திரும்ப கெடைக்கும், ஜெயிச்சவர் செலவுக்குன்னு 10 சவரன் கொடுக்கணும்.

அப்புறம் வந்துச்சு பாருங்க ஒரு ரூல், ஓட்டுறவர் எந்த கேட்டையும் திறக்கக் கூடாது, கேட் வழியா போகவும் கூடாது, ரோடு ஒத்தையடிப்பாதை எதுலயும் நூறு கஜத்துக்கு மேல போகக் கூடாது. இதை ஒரு தடவை நிதானமா படிங்க, அந்த மைதானம் எப்படி இருந்திருக்கும்னு தானா புரிஞ்சிடும். கேட் இருக்கு, ரோடு இருக்கு, பாதை இருக்கு, அப்ப அது மைதானமே இல்ல, யாரோ விவசாயம் பண்ற வயக்காடு!

"ஜென்டில்மேன் ரைடர்ஸ்" மட்டும்தான் ஓட்டணும்னு வேற போட்டிருந்தாங்க, அதாவது காசு வாங்காம ஓட்டுற பெரிய வீட்டு ஆளுங்க. அதை யாரும் கண்டுக்கல, முதல்ல வந்த மேசனும் சரி ரெண்டாவது வந்த டாம் ஆலிவரும் சரி, குதிரை ஓட்டியே பொழச்சவங்க.

டிராக் எப்படி இருந்துச்சு?

இப்ப டிவில பாக்குற பச்சை புல்வெளியை மறந்துடுங்க. பாதி தூரம் உழுது போட்ட நெலம், பிப்ரவரி மாச ஈரம், குதிரை கால் புதையுற சேறு. தடுப்புன்னு தனியா கட்டுனது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அங்க ஏற்கனவே இருந்த வரப்பு, வேலி, வாய்க்கால்தான். ரெண்டு சுத்து, மொத்தம் 29 தாவல்னு கணக்கு. அதுல மூணு இடம் பயங்கரமானது. ரெண்டு ஓடை, அப்புறம் ஜனங்க உக்காந்திருக்குற ஸ்டாண்டுக்கு நேர் முன்னாடி ஒரு கல் மதில். வயல்ல தற்செயலா இருந்த சுவர் இல்ல இது, கூட்டம் பாக்கணும்னே வச்சது. புதர் வேலில குதிரை இடிச்சா வேலி வளைஞ்சு கொடுக்கும், கல்லு வளையுமா? இந்த மதிலை பின்னாடி எடுத்துட்டு தண்ணிப் பள்ளம் வச்சாங்க, நடுவுல ஒரு தடவை மறுபடி கொண்டு வந்து, அப்புறம் ஒரேயடியா தூக்கிட்டாங்க.

ரேஸ்ல என்னதான் நடந்துச்சு, வரிசையா சொல்லுங்க?

செஃப்டன் பிரபு கொடி அசைச்சு அனுப்பினாரு. டாக்ஸன்ங்கிற குதிரை முன்னாடி பாஞ்சுச்சு, அது கூடவே கேப்டன் பெச்சர் ஓட்டுன கான்ராட். இந்த ரெண்டும் போட்டி போட்டுக்கிட்டு முதல் ஓடைக்கு வந்துச்சுங்க. டாக்ஸன் எப்படியோ தாண்டிடுச்சு. கான்ராட் முன்னாடி இருந்த கட்டையில இடிச்சு, பெச்சரை அப்படியே தலைக்கு மேல தூக்கி ஓடைக்குள்ள வீசிடுச்சு. பின்னாடி பதினஞ்சு குதிரை முழு வேகத்துல வந்துட்டு இருக்கு, எழுந்து நின்னா மண்டை தெறிச்சிடும், அனுபவஸ்தர்ங்கிறதால மனுஷன் தண்ணிக்குள்ளயே கரையோட ஒட்டி பதுங்கிட்டாரு, எல்லா குதிரையும் அவர் தலைக்கு மேல தாண்டிப் போச்சு. வெளிய வந்து, விஸ்கி கலக்காத தண்ணி இவ்ளோ கேவலமா இருக்கும்னு தெரியாம போச்சேன்னு சொன்னதா ஒரு கதை உண்டு, அது பின்னாடி சேத்த கதையாவும் இருக்கலாம்.

அயர்லாந்துல இருந்து வந்த ரஸ்ட்ங்கிற குதிரைக்கு வேற மாதிரி கஷ்டம். அது ஒரு சந்து வழியா ஒதுங்கிப் போனப்ப, அது மேல பெட் கட்டாத ஜனங்க குறுக்க நின்னு மறிச்சுட்டாங்கன்னு சொல்றாங்க. இன்னைக்கு மாதிரி தடுப்புக் கம்பி எதுவும் இல்லாம ஜனம் குதிரை போற வழிலயே நின்ன காலம்ங்கிறதால இதை நம்ப முடியுது.

கல் மதில் வந்தப்ப சாரிட்டின்னு ஒரு பெண் குதிரையோட ஆட்டம் அங்கயே முடிஞ்சுது. அது கல் சுவர் நெறைஞ்ச நாட்டுப்புறத்துல பழகுனதுன்னு எல்லாரும் நம்பி இருந்தாங்க, பாவம். (அதே சாரிட்டி 1841ல திரும்ப வந்து ஜெயிச்சுச்சு, அதை நெனச்சா ஒரு ஆறுதல்.)

ரெண்டாவது சுத்துல லாட்டரி தன் வேலையை காட்டுச்சு. அதுவரைக்கும் மேசன் அவசரப்படல, முன்னாடி போறவன் போகட்டும்னு விட்டுட்டு, கடைசில முந்துனாரு. கடைசி தடுப்பை 33 அடி நீளத்துக்கு தாவுச்சுன்னு பழைய எழுத்துல எல்லாம் திரும்பத் திரும்ப வருது. மூணு குதிரை நீள வித்தியாசத்துல ஜெயிச்சுச்சு. ரெண்டாவது செவன்ட்டி ஃபோர், அதுல டாம் ஆலிவர். மூணாவது பாலினா.

நேரம் 14 நிமிஷம் 53 செகண்டா? இப்ப 9 நிமிஷம்தானே ஆகுது, அந்தக் குதிரைங்க அவ்ளோ ஸ்லோவா?

குதிரையை குறை சொல்லாதீங்க. 1990ல மிஸ்டர் ஃப்ரிஸ்க் 8 நிமிஷம் 47.8 செகண்டுல ஓடி ரெக்கார்ட் வச்சுச்சு, ஆனா அது காய்ஞ்ச கெட்டி புல்தரை. லாட்டரி ஓடுனது உழவு நெலம், 76 கிலோ எடை முதுகுல. விழுந்த ஜாக்கி எழுந்து குதிரையை பிடிச்சு மறுபடி ஏறி ஓட்டலாம், அது அன்னைக்கு சகஜம். ரெண்டு நேரத்தையும் பக்கத்துல வச்சு கம்பேர் பண்றதே சரியில்ல.

லாட்டரி எப்படிப்பட்ட குதிரை?

1830ல பொறந்துச்சு, முதல்ல அதோட பேர் சான்ஸ், அப்புறம்தான் லாட்டரின்னு மாத்துனாங்க. ஜான் எல்மோர் குதிரை வியாபாரி, வாங்கி விக்கிறதுதான் தொழில், இந்தக் குதிரையோட அருமை தெரிஞ்சு கையிலயே வச்சுக்கிட்டாரு. இதை தயார் பண்ண டாக்கரே முன்னாள் ஜாக்கி, 1826ல லாப்டாக்ங்கிற குதிரைல இங்கிலாந்தோட பெரிய ஃப்ளாட் ரேஸான எப்சம் டெர்பியே ஜெயிச்சவர்.

லாட்டரி அதுக்கப்புறம் ஊர் ஊரா போய் ஜெயிச்சதுல மத்த ஓனர்ங்க அரண்டு போய்ட்டாங்க. சில ரேஸ்ல "எல்மோரோட லாட்டரி தவிர எல்லா குதிரையும் கலந்துக்கலாம்"னு நோட்டீஸ்லயே போட்டாங்க. ஒரு குதிரைக்கு இதைவிட பெரிய சர்டிஃபிகேட் என்ன வேணும். ஆனா லிவர்பூல்ல அதுக்கு மறுபடி கொடுத்து வைக்கல, 1840ல அந்த கல் மதில்லயே விழுந்துச்சு. 1841ல செல்ட்னம் ஸ்டீபிள்சேஸ் ஜெயிச்ச குதிரைக்கு 18 பவுண்ட் எடை எக்ஸ்ட்ரான்னு கண்டிஷன் போட்டாங்க, அதாவது இதை மனசுல வச்சேதான், ஆக 84 கிலோவுக்கு மேல தூக்கிட்டு ஓடணும். மேசன் பாதிலயே நிறுத்திட்டாரு, நிறுத்துனதுதான் சரி. ஓட்டமெல்லாம் முடிஞ்சு வயசான காலத்துல வண்டி இழுத்துச்சுன்னு பழைய பதிவுகள் சொல்லுது.

ஜெம் மேசன் யாரு?

அந்தக் காலத்து ஸ்டார் ஜாக்கி. ட்ரெஸ், பூட்ஸ், கையுறை எல்லாம் அப்படி ஒரு நேர்த்தி. எல்மோர் வீட்டுக்கே மருமகனும் ஆனாரு. லாட்டரிக்கு இவரை பிடிக்காதாம், ரேஸ் சட்டை தெரியாம மேல கோட்டு போட்டுக்கிட்டுத்தான் கிட்டவே போவாருன்னு சொல்லுவாங்க. ஏறிட்டா ரெண்டும் ஒண்ணு.

ரெண்டாவது வந்த டாம் ஆலிவர் பத்தியும் சொல்லிடுறேன், 1842, 1843, 1853னு மூணு தடவை ஜெயிச்சாரு. ரேஸ் ஓட்டத்துல எனக்கு மேசனை விட ஆலிவரைத்தான் பிடிக்கும்.

பெச்சர் விழுந்ததாலதான் பெச்சர்ஸ் ப்ரூக்னு பேரா?

ஆமா, அதேதான். விழுந்த இடத்துக்கு விழுந்தவர் பேர். இன்னைக்கு முதல் சுத்துல ஆறாவது தடுப்பு, ரெண்டாவது சுத்துல இருபத்திரெண்டாவது. தாவுற பக்கத்தை விட இறங்குற பக்கம் தாழ்வா இருக்கும், குதிரைக்கு தரை எதிர்பாத்த இடத்துல கெடைக்காது, அங்கதான் ஆபத்து. பெச்சர் ஏற்கனவே 1836ல ஜெயிச்சவர், தன் காலத்துல பெரிய ஆள், 1864ல இறந்தாரு. 1839க்கு அப்புறம் இந்த ரேஸ்ல அவர் ஓட்டவே இல்ல. ஜெயிச்சதை யாரும் பேசுறதில்ல, விழுந்ததைத்தான் 180 வருஷத்துக்கு மேல பேசிட்டு இருக்கோம்.

அன்னைக்கு குதிரை எதாவது செத்துச்சா?

செத்துச்சு, டிக்டேட்டர்னு ஒரு குதிரை. ஓட்டுனவர் ராபர்ட் கார்லோ. ஒரு தடவை விழுந்துச்சு, எழுப்பி மறுபடி ஏறி ஓட்டுனாங்க, ரெண்டாவது ஓடைல திரும்ப விழுந்து அங்கயே உயிர் போயிடுச்சு. இந்த ரேஸ்ல செத்த முதல் குதிரை. நிறைய கட்டுரைல பெச்சர் கதையை ஒரு பக்கம் எழுதிட்டு இதை ஒரு வரில முடிச்சிடுவாங்க, சிலதுல அந்த ஒரு வரியும் இருக்காது, எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்ல. விழுந்த குதிரை எழுந்து நிக்குதுன்னா ஓட முடியும்னு அர்த்தமில்ல, அது வாய் திறந்து சொல்லாது, மேல உக்காந்திருக்குறவர்தான் புரிஞ்சுக்கணும்.

அப்பவே யாரும் எதிர்ப்பு சொல்லலையா?

சொன்னாங்க, அதுவும் உள்ளூர்லயே. லிவர்பூல் மெர்க்குரி பத்திரிகை இதை சேவல் சண்டையோடயும், காளையை கட்டிப் போட்டு நாயை ஏவிவிடுற விளையாட்டோடயும் ஒப்பிட்டு எழுதுச்சு, பாக்க பரபரப்பாத்தான் இருக்கு, அதுக்காக ஏத்துக்க முடியாதுன்னு. அந்த ரெண்டு விளையாட்டையும் 1835லதான் சட்டம் போட்டு தடை பண்ணியிருந்தாங்க, அதனால அது லேசான வார்த்தை இல்ல. விலங்கு வதைன்னு பேசுறது இந்தக் காலத்து ஃபேஷன்னு சொல்றவங்க இதை கண்டிப்பா தெரிஞ்சுக்கணும், முதல் ரேஸ் அன்னைக்கே இந்தக் குரல் இருந்துச்சு.

கிராண்ட் நேஷனல்ங்கிற பேர் எப்ப வந்துச்சு?

1843ல ஹாண்டிகேப் ஆக்குனப்ப லிவர்பூல் அண்ட் நேஷனல் ஸ்டீபிள்சேஸ்னு மாறுச்சு, 1847ல கிராண்ட் நேஷனல். அவ்ளோதான்.

இப்ப எய்ன்ட்ரீ போனா 1839 ரேஸோட அடையாளம் எதாவது இருக்குமா?

உழவு நெலம் இல்ல, கல் மதில் இல்ல. 1989ல பெச்சர்ஸ் ப்ரூக்ல ரெண்டு குதிரை செத்ததுக்கு அப்புறம் அந்த ஓடைப் பள்ளத்தை தூத்து ஆழத்தை குறைச்சாங்க, அப்புறமும் இறங்குற பக்கத்தை மேடாக்கிட்டே வந்தாங்க. 2013ல தடுப்புக்குள்ள இருந்த மரச்சட்டத்தை எடுத்துட்டு வளையுற பொருள் வச்சாங்க. 2024ல இருந்து 40 குதிரைக்கு பதிலா 34தான். இதெல்லாம் செஞ்சது நல்லது, இன்னும் முன்னாடியே செஞ்சிருக்கணும்ங்கிறதுதான் என் எண்ணம்.

மிச்சம் இருக்குறது பேருங்கதான். முதல் ஓடைக்கு பெச்சர். அதுக்கு அடுத்த தடுப்பு ஃபாய்னாவன், 1967ல எல்லா குதிரையும் அங்க முட்டி மோதி நின்னப்ப புகுந்து போய் ஜெயிச்ச குதிரையோட பேர் அது. அப்புறம் ரெண்டாவது ஓடை, வேலன்டைன்ஸ் ப்ரூக். 1840ல வேலன்டைன்ங்கிற குதிரை அங்க வந்து தயங்கி நின்னு, பின்னங்கால் முன்னாடி போற மாதிரி விசித்திரமா திரும்பி தாண்டுச்சுன்னு கதை, அந்தக் குதிரை பொழச்சு மூணாவதா வந்துச்சு. டிக்டேட்டர் செத்தது அதே ரெண்டாவது ஓடைலதான், சரியா அதுக்கு முந்தின வருஷம்.